நாக்கையும் தொழிலையும் வைத்து எய்ட்ஸ் என்று சொல்லிவிடலாமா?

கொளத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். தம்பிக்கு 34 வயது, லாரி ஓட்டுகிறார். நாலைந்து மாதமாக உடம்பு இளைத்துக்கொண்டே வருகிறது. 68 கிலோ இருந்தவர் இப்போது 57. சாயங்காலமானால் காய்ச்சல், விட்டு விட்டுப் பேதி, ஓயாத இருமல். வாயில் வெள்ளை படிந்து காரம் தொட முடியவில்லை. கைகாலில் அரிப்போடு சின்னச் சின்னக் கட்டிகள். போன வருஷம் விலாவில் அக்கி வந்து, குயவரிடம் போய்ச் செங்காவியில் அக்கி எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளூர் கிளினிக்கில் வாரத்துக்கு ஒன்றிரண்டு ஊசி. போட்டால் இரண்டு நாள் பசிக்கும், தெம்பாக இருக்கும், அப்புறம் பழையபடிதான். கடைசியாகப் போனபோது அந்த டாக்டர் டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தார், என்ன வேலை என்று கேட்டார், பிறகு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த வியாதி மாதிரிதான் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரத்தம் எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் அவருக்குத் தட்டும் டம்ளரும் தனி. ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவியையும் நாலு வயது மகளையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பியிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. தட்டு மாறியதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை என்கிறார் சகோதரி.

அவர் கேட்பது இவை: நெட்டில் கிடைத்த ஒரு பட்டியலில் எல்லாமே பொருந்துகிறதே, எய்ட்ஸ்தானா? தெரிந்தால் தம்பி ஏதாவது பண்ணிக்கொள்வான், அதனால் சுகர் டெஸ்ட் என்று சொல்லி ரத்தம் எடுக்கலாமா? தம்பி மனைவிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்ததே, அப்படியானால் தம்பிக்கும் இல்லை என்றுதானே அர்த்தம்? ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டால் முழுக்கக் குணம், 35,000 ரூபாய் என்கிறார் ஒருவர், நம்பலாமா? சென்னைக்குக் கூட்டி வந்தால் என் பிள்ளைகளுக்கு ஆபத்தா?

சகோதரி, முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். தெரியாது. எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது, டார்ச் அடித்துப் பார்த்த அந்த டாக்டருக்கும் தெரியாது. எய்ட்ஸுக்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமி இருக்கலாம் என்று சந்தேகப்படுவதற்கு உங்கள் கடிதத்தில் நல்ல காரணங்கள் இருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாமே தவிர, ஒரு குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது.

அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது

"இரண்டு பெரிய அறிகுறி, ஒரு சின்ன அறிகுறி இருந்தால் எய்ட்ஸ்" என்று நீங்கள் டிக் அடித்துப் பார்த்த பட்டியலுக்கு வயது நாற்பதுக்கு மேல். 1985 அக்டோபரில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய கூட்டத்தில் வகுத்தது. எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைவது, ஒரு மாதத்துக்கு மேல் பேதி, ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சல், இவை பெரிய அறிகுறிகள். தொடர் இருமல், உடம்பெங்கும் அரிப்புள்ள தோல் நோய், திரும்பத் திரும்ப வரும் அக்கி, வாயிலும் தொண்டையிலும் வெள்ளைப் பூஞ்சை, உடம்பில் பல இடங்களில் நெறி கட்டுவது முதலியவை சின்ன அறிகுறிகள். ரத்தம் பரிசோதிக்க வசதியே இல்லாத கிராமத்து மருத்துவமனைகளில் இந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தோராயமாகக் கணக்கெடுக்க அன்றைக்கு வேறு வழி இல்லை. ஒரு தனி மனிதருக்கு இன்ன நோய் என்று முடிவு கட்ட அதைச் செய்யவில்லை. அதிலேயே, புற்றுநோய், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மாதிரி வேறு காரணம் இருந்தால் இதில் சேர்க்கக் கூடாது என்று நிபந்தனை உண்டு. நெட்டில் சுற்றும்போது நிபந்தனை உதிர்ந்துபோய்ப் பட்டியல் மட்டும் தங்கிவிட்டது. 1994-இல் உலக சுகாதார நிறுவனமே ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து அந்த வரையறையை விரிவாக்கியது.

இப்போதும் டாக்டர்கள் அறிகுறிகளை வைத்து ஒன்றிலிருந்து நாலு வரை நிலை பிரிக்கிறோம். அது எச்.ஐ.வி. உறுதியானவர்களுக்கு, நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க. ரத்தம் பார்க்காமல் நிலை பிரிப்பதில் அர்த்தமே இல்லை. விதிவிலக்கு என்று ஒன்று சொல்லலாம்: ஒன்றரை வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள். தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்திலும் இருப்பதால் சாதாரண டெஸ்ட் அவர்களுக்குச் சரிவராது, கிருமியையே நேரடியாகத் தேடுகிற பி.சி.ஆர். பரிசோதனையின் முடிவு கிடைக்க வழியில்லாத இடத்தில் குழந்தை மோசமாக இருந்தால் அறிகுறியை வைத்தே சிகிச்சை தொடங்குவதுண்டு. உங்கள் தம்பி 34 வயது ஆள். ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடப் போகிற விஷயம்.

அதற்காக அறிகுறிகளைத் தூக்கிப் போடவும் வேண்டாம். 34 வயதில் அக்கி, வாயில் பூஞ்சை, இப்படி எடை இறக்கம், மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அன்றைக்கே எச்.ஐ.வி. பரிசோதனைக்குச் சொல்ல வேண்டும். அந்த டாக்டருக்குச் சந்தேகம் வந்ததில் தவறே இல்லை. சந்தேகத்தைத் தீர்ப்பாக்கி, அதையும் நோயாளியை விட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னதுதான் தவறு.

அப்புறம் அந்த "என்ன வேலை" என்ற கேள்வி. லாரி ஓட்டுவது ஒரு நோயின் அறிகுறி அல்ல. விழிப்புணர்வுப் பிரசாரமெல்லாம் வருஷக்கணக்கில் லாரி டிரைவர்களைச் சுற்றியே நடந்ததால் அந்தப் படம் எல்லார் மனதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, டாக்டர்கள் மனதிலும்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்தது நம் சென்னையில், 1986-இல், மதராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் செய்த ஆய்வில். அதுகூட யாருடைய நாக்கையோ பார்த்துக் கண்டுபிடித்ததில்லை. ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்ததில்தான் தெரிந்தது. எச்.ஐ.வி. உடம்புக்குள் வந்து எட்டு, பத்து வருஷம்கூட ஆள் வாட்டசாட்டமாக இருக்கலாம். மெலிந்தவரெல்லாம் நோயாளியும் இல்லை, திடமாக இருப்பவரெல்லாம் நோயில்லாதவரும் இல்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி

கடிதத்தின் நாலாவது பக்கத்தில், "சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறான், ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போகிறான், பேதியால் வந்த தாகம் என்று விட்டுவிட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இடத்தில்தான் நின்றேன். பேதி ஆகிறவருக்குத் தாகம் எடுக்கும், சரி. ஆனால் உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரும் குறைய வேண்டுமே? ராத்திரி நாலைந்து தடவை என்றால் எனக்கு முதலில் சர்க்கரைதான் ஞாபகத்துக்கு வருகிறது. கட்டுக்கு மீறிய சர்க்கரை நோய் ஆளை உருக்கிவிடும், வாயில் பூஞ்சை வரும், தோலில் கட்டிகளும் அரிப்பும் வரும், காசநோயும் எளிதாகத் தொற்றும். உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் இது ஒன்றே கணக்குச் சொல்லிவிடும்.

அடுத்தது அந்த ஊசி. போட்டதும் பசி, தெம்பு, இரண்டு நாளில் பழைய நிலை என்றால் ஸ்டீராய்டாக இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கும், சர்க்கரையை ஏற்றும், வாய்ப் பூஞ்சையை வளர்க்கும், உள்ளே காசநோய் இருந்தால் அதைக் கிளப்பியும் விடும். எனவே இனி அங்கே ஊசி வேண்டாம். ஆனால் இத்தனை வாரம் தொடர்ந்து போட்டிருப்பதால், தலைசுற்றல், வாந்தி, எழுந்திருக்க முடியாத அசதி வந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் அப்படி ஆவதுண்டு.

இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை இறக்கம் மூன்றும் சேர்ந்தால் காசநோயையும் சந்தேகப்பட வேண்டும். சளி டெஸ்டில் ஒன்றும் இல்லை என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததா, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் பார்த்ததா? மைக்ராஸ்கோப் நிறையத் தவறவிடும், எச்.ஐ.வி. இருப்பவர்களிடம் இன்னும் அதிகமாகத் தவறவிடும். அரசு மருத்துவமனையில் இந்தக் கருவிப் பரிசோதனை இலவசம், கேட்டு வாங்குங்கள். கூடவே நெஞ்சு எக்ஸ்ரே.

ஆக, சர்க்கரையாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், எச்.ஐ.வி.யாக இருக்கலாம், இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். தைராய்டு, குடல் கோளாறு, புற்றுநோய் என்று பின்னால் இன்னும் சில நிற்கின்றன. வெறும் கண்ணால் பிரிக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சுகர் டெஸ்ட் என்று சொல்லி ரத்தம் எடுப்பது

சுகர் டெஸ்ட் நிஜமாகவே எடுங்கள், அதுவும் நாளைக்கே. மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் ஊருக்கு வருவார், இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு குத்து. ஆனால் அதைச் சாக்காக வைத்து எச்.ஐ.வி. பார்க்க வேண்டாம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிற எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி, அவருக்கு விளக்கிச் சொல்லி அவர் சம்மதித்தால்தான் பரிசோதிக்க முடியும். அக்கா சம்மதித்தால் போதாது, அம்மா சம்மதித்தாலும் போதாது.

சட்டத்தை விடுங்கள். திருட்டுத்தனமாக எடுத்து 'இருக்கிறது' என்று வந்தால் அப்புறம் என்ன செய்வீர்கள்? தினமும் ஒரு மாத்திரையை எதற்கு என்று சொல்லாமல் ஆயுசுக்கும் கொடுக்க முடியுமா? அன்றைக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும், அதுவும் ஏமாற்றிய கையோடு.

அவர் ஏதாவது பண்ணிக்கொள்வார் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இப்போது அவர் நிலைமையைப் பாருங்கள். தட்டு மாறிவிட்டது, மனைவியும் மகளும் வீட்டில் இல்லை, யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்னவென்று அவர் ஊகிக்காமலா இருப்பார்? சொல்லாமல் இருப்பதுதான் அவரைத் தனியாக நிறுத்தி வைத்திருக்கிறது. நீங்களே ஊருக்குப் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம். "டாக்டர் அம்மாகிட்ட என்னமோ சொல்லிட்டாரு, டெஸ்ட் எடுக்காம சொன்னது, நாங்களும் பயந்து தப்புப் பண்ணிட்டோம். சுகர், டி.பி., எச்.ஐ.வி. மூணும் பாத்துடுவோம், எது வந்தாலும் மருந்து இருக்கு, நான் கூட வரேன்" என்று இந்த அளவு போதும். 'சாகணும்போல இருக்கா' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து எதுவும் வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள், 104 அல்லது 14416-க்குப் போன் செய்யுங்கள். இரண்டுமே இலவசம், தமிழில் பேசலாம்.

எங்கே, எப்படிப் பரிசோதிப்பது

அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார், சம்மதம் வாங்குவார், பிறகு ரத்தம், பிறகு முடிவைச் சொல்லி மறுபடியும் பேச்சு. எல்லாம் இலவசம். சின்ன சுகாதார நிலையங்களில் ஒரே ஒரு கிட்டில் பார்த்து 'ரியாக்டிவ்' என்று சொல்வார்கள். அது முடிவு அல்ல. பெரிய மையத்தில் மூன்று வெவ்வேறு பரிசோதனைகளிலும் அப்படியே வந்தால்தான் பாசிட்டிவ் என்று உறுதி செய்வார்கள்.

'நெகட்டிவ் வந்தாலும் மூணு மாசம் கழிச்சுத்தான் நம்பணும்' என்று யாராவது உங்களைக் குழப்புவார்கள். அது சமீபத்தில் தொற்று வந்திருக்குமோ என்று பயப்படுகிறவருக்கான விதி. எச்.ஐ.வி.யால் இந்த அளவுக்கு உடம்பு விழுவதற்குப் பெரும்பாலும் பல வருஷம் ஆகும். அப்படிப்பட்டவர் ரத்தத்தில் டெஸ்டுக்குத் தெரியாமல் போவது மிக மிக அபூர்வம். ஆகவே நெகட்டிவ் வந்தால் டாக்டர் வேறு காரணத்தைத் தேடிப் போக வேண்டும், நீங்களும் தேடச் சொல்லி நச்சரிக்க வேண்டும்.

ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்றால் சென்னை வசதி. சென்ட்ரல் எதிரே ஜி.ஹெச். இருக்கிறது, தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. தாம்பரத்தில் 1928-இல் காசநோய்க்கென்று ஆரம்பித்த மருத்துவமனை அது; நெஞ்சு நோயும் எச்.ஐ.வி.யும் ஒரே வளாகத்தில் பார்க்கிற இடம் என்பதால் உங்கள் தம்பிக்கு அதுவே தோதென்று எனக்குப் படுகிறது. சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினாலே யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பலர் பயப்படுவதுண்டு. பக்கத்திலிருக்கிற மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக் கம்பெனிகளுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் அங்கேதான் இறங்குகிறது, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதே பரிசோதனைகள் கிடைக்கும். சென்னையில் மருந்து ஆரம்பித்துப் பிறகு ஊர்ப் பக்கம் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. முதலில் பேசித் தெளிவு பெற வேண்டும் என்றால் தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097, பெயர் சொல்லத் தேவையில்லை.

ஆனால் கடுமையான தலைவலியோடு வாந்தி, மூச்சிரைப்பு, பார்வை மங்கல், வலிப்பு, குழப்பமான பேச்சு இதில் எது வந்தாலும் எந்த மையத்துக்கும் தேதி பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மனைவியின் ரிப்போர்ட்

இங்கே உங்கள் கணக்கு தவறு. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள், அவருக்கு நெகட்டிவ் வந்தது நல்ல செய்தி. அது அவருடைய ரிப்போர்ட், அவ்வளவுதான். கணவருக்கு இருந்து மனைவிக்கு இல்லாத தம்பதிகள் ஏராளம். தம்பிக்குப் பாசிட்டிவ் என்று வந்தால் மனைவி உடனே மறுபடியும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், பிரசவத்துக்குள் இன்னொரு முறையும். ஒருவேளை அவருக்கும் வந்திருந்தால், மருந்தே எடுக்காத நிலையில் குழந்தைக்குப் போகிற வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை; தாய் கர்ப்பத்திலேயே மருந்து தொடங்கிக் குழந்தைக்கும் பிறந்தவுடன் சில வாரம் மருந்து கொடுத்தால் 5-க்கும் கீழே இறங்கிவிடும். ஐந்தாம் மாதம் என்பது தாமதம் ஆகிவிட்ட மாதம் அல்ல. முடிவு தெரியும்வரை ஆணுறை.

மனைவியிடம் யார் சொல்வது? தம்பிதான், ஆலோசகர் துணையோடு. தம்பி சொல்லவே மறுத்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவரிடம் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு டாக்டரே மனைவியிடம் நேரில் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. அக்காவுக்கோ மாமியாருக்கோ அந்த அதிகாரம் இல்லை. இன்னொன்று: எச்.ஐ.வி. உள்ளவரையோ, அவரோடு சேர்ந்து வாழ்பவரையோ குடும்ப வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நோய் உறுதியானாலே செய்யக் கூடாததை நோய் இன்னதென்றே தெரியாமல் செய்துவிட்டார்கள். அம்மாவைக் குறை சொல்லவில்லை, பயம் அப்படிச் செய்ய வைக்கும். காசநோய் இல்லை என்று தெரிந்ததும் மருமகளையும் பேத்தியையும் திரும்ப அழைத்து வரச் சொல்லுங்கள்.

பாசிட்டிவ் என்றே வைத்துக்கொண்டால்

2004-க்கு முன்னால் இந்த வரியை நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும். அந்த ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கிற ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாகத் தொடங்கியது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்து அடங்கிய ஒரே மாத்திரை, தினம் ஒரு வேளை. 2017 முதல் சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருப்பதும் இல்லை, கண்டறிந்ததும் தொடங்குகிறார்கள். காசநோயும் கூட இருந்தால் காசநோய் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுச் சில நாள் இடைவெளியில் இதைத் தொடங்குவார்கள். வரிசை முக்கியம், டாக்டர் சொல்கிறபடி போங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே இருந்தால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. லாரியும் ஓட்டலாம், எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்குவது சட்டப்படி பாகுபாடு.

35,000 ரூபாய் ஆசாமியைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. எய்ட்ஸைக் குணமாக்கும் என்று எந்த மருந்தையும் சொல்லி விற்கக் கூடாது என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணையிலேயே இருக்கிறது. சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை, அரசு சித்த மருத்துவர் யாரும் இப்படி மண்டலக் கணக்குப் பேசமாட்டார். அந்தப் பணத்தைத் தம்பியின் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளைகள்

கூட்டி வாருங்கள். எச்.ஐ.வி. தட்டில் ஒட்டாது, டம்ளரில் வராது, பாத்ரூமில் வராது, மாமா மடியில் உட்கார்ந்தால் வராது. ஷேவிங் பிளேடு மட்டும் அவரவருக்குத் தனி, அது எந்த வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். நீங்கள் யோசிக்க வேண்டியது அந்த இருமலைத்தான். காசநோய் காற்றில் பரவும். பரிசோதனை முடிவு வரும்வரை அவர் மாஸ்க் போடட்டும், ஜன்னல் திறந்து காற்றோட்டமாக இருக்கிற அறையில் தனியாகப் படுக்கட்டும், பிள்ளைகள் அவரோடு ஒரே அறையில் தூங்க வேண்டாம். காசநோய் என்று வந்தால் வீட்டில் எல்லாரையும், அம்மாவையும் அந்த நாலு வயதுப் பெண்ணையும் சேர்த்து, பரிசோதிக்கச் சொல்வார்கள், போய்விடுங்கள்.

வரும்போது மனைவியின் தாய் சேய் நல அட்டையின் போட்டோ ஒன்றும், பழைய சளி ரிப்போர்ட்டும், கிளினிக்கில் கொடுத்த சீட்டுகளும் கையில் இருக்கட்டும். சீட்டே கொடுக்கவில்லை என்றால் என்ன ஊசி போட்டார்கள் என்று தம்பியை நேரில் போய்க் கேட்டு எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அதையும் இங்கே பார்க்கிற டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டு போயிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே அவர் பார்ப்பார்.